ஐம்பத்தோராவது இலை

கஜேந்திரன் மாஸ்டர் மிச்ச இலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கடைசிப் பந்தி எழுந்துபோய்விட்டது. மேசைமேல் விரித்த காகிதத்தை இருவர் சுருட்டிக்கொண்டு வந்தனர். தரையெங்கும் ரசத்தின் ஈரம். சமையல் மாஸ்டர் கைலியை மடித்துக் கட்டி, குத்துக்காலிட்டு அமர்ந்து, ஓர் இலையைத் தூக்குவார், அப்பால் வைப்பார், அடுத்ததைத் தூக்குவார். வாய்விட்டு எண்ணுகிற பழக்கம் அவருக்கில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அவரைச் சுற்றி நால்வர் நின்றோம். பெண்ணின் தந்தை, பெண்ணின் தாய், என் எதிரணிப் பேச்சாளர் முருகவேல், நான். மற்ற மூவரும் சாப்பிட்டவர்கள். நான் சாப்பிடாதவள்.

பேச்சுப் போட்டிகளில் பதினான்கு கோப்பைகள் வாங்கியவள் நான். சென்ற வாரம் இந்தத் தொடரில் முதற்கோப்பையைப் பற்றி எழுதியதில் சற்றுத் தற்பெருமை தொனித்தது என்று வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு இந்த வார அத்தியாயம் பிடிக்கும். ஆயிரம் பேர் எதிரே அமர்ந்திருந்தாலும் வறளாத என் தொண்டை, அன்று ஒரு வாழையிலைக் கட்டின் முன்னால் வறண்டு கிடந்தது.

அந்தக் கட்டில் எத்தனை இலை மிச்சம் என்பதில்தான் என் பேச்சின் மானம் இருந்தது.

மைக் செய்த வேலை

செஞ்சியில் மாதம் ஒரு பட்டிமன்றம் நடக்கும். கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு சிறிய அரங்கம், நூற்றைம்பது நாற்காலி, இரண்டு மைக், அவற்றுள் ஒன்று வேலை செய்யும். நடுவர் எப்போதும் மாணிக்கவேல் ஐயாதான். பகலில் உரக்கடை நடத்துகிறவர். யூரியா இருப்பில்லை என்பதைக்கூட எதுகை மோனையோடு சொல்லி அனுப்புவார். மேடையில் எனக்கு அவர் 'நடுவர் அவர்களே'; மேடையை விட்டு இறங்கினால் மாமா.

அந்த மாதத் தலைப்பு: 'ஒரு கூட்டத்தின் மனத்தை அறியச் சிலரைக் கேட்டால் போதுமா, அனைவரையும் கேட்க வேண்டுமா?' சீட்டுக் குலுக்கியதில் 'சிலரே போதும்' எனக்கு வந்தது. 'அனைவரும் வேண்டும்' முருகவேலுக்கு.

முருகவேல் அனந்தபுரத்துக்காரர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார். ஆறு ஆண்டுகளாக நான் 'ஆம்' என்ற பக்கம் அமர்ந்தால் அவர் 'இல்லை' என்ற பக்கம் அமர்வார். நாங்கள் இருவரும் ஒரே கருத்தைச் சொன்னதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அன்று நான் நெல் மூட்டையை மேடைக்குக் கொண்டுவந்தேன். சொல்லால்தான்.

எங்கள் நைனா நெல்லைக் கமிட்டிக்கு ஏற்றிவரும்போது, சிறுமியாக நானும் மூட்டைமேல் அமர்ந்து வந்திருக்கிறேன். கமிட்டி என்றால் எங்கள் பக்கத்தில் நெல் விலைபோகும் விற்பனைக்கூடம். வியாபாரி மூட்டைகளுக்கிடையே நடந்து வருவார். குழல்போன்ற குத்தூசியை இங்கொரு மூட்டையில் செருகுவார். அங்கொரு மூட்டையில் செருகுவார். உள்ளங்கையில் விழுந்த நெல்லைத் தேய்த்து, ஊதி, ஒன்றை எடுத்துக் கடிப்பார். அவ்வளவுதான். வண்டி நெல்லுக்கும் விலை சொல்லிவிடுவார். வண்டி நெல்லையும் அவர் கடித்துப் பார்த்திருந்தால் அவருக்கும் பல் மிஞ்சியிருக்காது. எங்களுக்கும் நெல் மிஞ்சியிருக்காது.

இந்த இடத்தில் கைதட்டல் எழுந்தது. கைதட்டல் எழுந்தால் பேச்சாளர் அதற்கு மேல் ஒரு படி ஏற வேண்டும் என்பது எனக்குக் கிடைத்த பயிற்சி. ஏறினேன்.

"இந்த ஊரில் எந்தக் கூட்டத்தை வேண்டுமானாலும் என்னிடம் கொடுங்கள். பத்தில் ஒருவரைக் கேட்பேன். மீதி ஒன்பது பேரின் மனத்தையும் சொல்லுவேன்" என்றேன்.

கூரை அதிர்ந்தது. தீர்ப்புச் சொல்ல எழுந்த நடுவர், மைக்கை இரண்டு முறை தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா கயல்விழி, அடுத்த மாசம் என் சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம். நானூறு வூட்டுக்குப் பத்திரிகை வெக்கிறேன். எத்தினி இலை விழும்னு நீ சொல்லிடு. தீர்ப்ப நான் பந்தியில சொல்றேன்."

இலைக் கணக்கு என்பது சமையற்காரர்களின் கணக்கு. எத்தனை பேர் வந்தார்கள் என்று மண்டப வாசலில் யாரும் எண்ணுவதில்லை. எத்தனை இலை போட்டோம் என்பதே கணக்கு.

முருகவேல் எதிரணி மைக்கைப் பிடித்தார். அன்று வேலை செய்த மைக் அது.

"ஐம்பது இலைக்கு மேல தப்பினா, அடுத்த பட்டிமன்றத்துல கயலு எங்க அணியில ஒக்காரணும். இன்னைக்கு அது பேசினதுக்கு அதுவே மறுப்புப் பேசணும். ஒத்துக்குதா?"

ஒத்துக்கொண்டேன். மைக் கையில் இருக்கும்போது எதை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறேன்?

அத்தையின் இரண்டு கல்யாணங்கள்

மறுநாள் நடுவரின் மனைவி மங்கை அத்தை என்னை வீட்டுக்கு அழைத்தார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்தார்.

"உன் பந்தயம், உன் எதிரணி, அதெல்லாம் எனக்கு வேணாம்மா. எனக்கு எலை பத்தணும். மீறவும் கூடாது."

அத்தைக்கு அனுபவம் இருந்தது. மூத்த மகள் கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் சாம்பார் தீர்ந்து, சாம்பார் என்ற பெயரில் ரசமும், ரசம் என்ற பெயரில் வெந்நீரும் பரிமாறப்பட்டன. சம்பந்தி வீட்டார் இன்றுவரை விருந்துக்கு வந்தால், குழம்பை ஊற்றும்போது, "போதுங்க, பின்னால வர்றவங்களுக்கு வேணும்" என்பார்களாம். அந்த அச்சத்தில் மகன் கல்யாணத்துக்கு அள்ளிச் சமைத்தார்கள். மூன்று தெருவுக்கு இரண்டு நாள் வடைகறி. பக்கத்து வீட்டு மாடு கேசரியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்.

"ஒரு தடவ பத்தல. ஒரு தடவ மீந்துச்சி. இதான் கடைசிப் பொண்ணு. ஒழுங்கா செஞ்சி பாக்க இன்னொண்ணு பெத்துக்கவா முடியும்?" என்றார்.

பந்தயம் அன்றுதான் எனக்குக் கனத்தது.

அமாவாசை ஆராய்ச்சி

இதற்கு முன்பும் ஒருமுறை மக்களின் மனத்தை அளக்கப் புறப்பட்டிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்பில், 'நம் ஊர் மக்கள் எதற்காகப் பயணம் செய்கின்றனர்?' என்று விசாரித்து எழுதி வரச் சொன்னார்கள். நான் செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் போனேன். ஐம்பது பேரைக் கேட்டேன். நாற்பத்தேழு பேர் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள். கட்டுரையின் முடிவுரையில், 'செஞ்சி மக்களுள் பெரும்பாலோர் கையில் எலுமிச்சம்பழத்துடன் பயணம் செய்கின்றனர்' என்று எழுதினேன். கையெழுத்து அழகாக இருந்தது.

நைனா படித்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. காலண்டரைக் காட்டினார்.

"இன்னைக்கு அமாவாசை. வேலூர்க்காரன், பட்டணத்துக்காரன், எல்லாம் ஸ்பெஷல் பஸ்ஸு மாறிப் போறான். அந்த ஸ்டாண்டுல செஞ்சிப் பக்கத்து ஆளுன்னு ஒருத்தி இருந்திருந்தா அது நீதான்."

கேட்ட ஆட்களின் எண்ணிக்கையில் பிழையில்லை. கேட்ட இடம்தான் பிழை. எங்கே நின்றால் எளிதோ அங்கே நின்று கேட்டால், அங்கே வருகிறவர்களைப் பற்றித்தான் தெரியும். யாருக்கும் சலுகை இல்லாமல், எல்லாருக்கும் ஒரே வாய்ப்புத் தந்து, சீட்டுப் போட்டு ஆளை எடுக்க வேண்டும். அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. அடுத்த பாடம் இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அண்டாவுக்குள் நானூறு சீட்டு

நானூறு வீடுகளின் பெயரையும் நானூறு சீட்டில் எழுதினோம். மாமா தம் பக்கத்துப் பட்டியலையும் மாப்பிள்ளை வீட்டார் தந்த பட்டியலையும் முதலில் முடித்து, கல்யாணத்துக்கு வாங்கிய புது அண்டாவுக்குள் போட்டார். அத்தை தம் பக்கத்துச் சீட்டுகளை அதற்கு மேல் கொட்டினார். எதிரணியின் சாட்சியாக முருகவேல் வந்திருந்தார்.

நான் கையை விட்டுப் பத்துச் சீட்டு எடுத்தேன். பத்தும் அத்தையின் உறவு.

"இன்னாடி இது, உங்க ஊரு சந்தையா?" என்றார் மாமா.

"கல்யாணத்துக்கு ஆசையா வர்றவங்க மேல வர்றாங்க. உங்க ஆளுங்க அடியில பதுங்குறாங்க" என்றார் அத்தை.

நான் சீட்டுகளை உள்ளே போட்டுவிட்டு, சோழர் காலத்துக் குடவோலை முறையிலிருந்து விளக்கத் தொடங்கினேன். "பேச்ச வுட்டுட்டு சீட்ட கலக்கு" என்றார் முருகவேல். அத்தை கேசரி கிண்டும் துடுப்பைக் கொண்டுவந்தார். அடி மேலாக, மேல் அடியாக, தோள் வலிக்கக் கிண்டினோம். பிறகு நாற்பது சீட்டு எடுத்தோம். இம்முறை மாமாவின் உறவு, அத்தையின் உறவு, மாப்பிள்ளை வீட்டு உறவு, உரக்கடை வாடிக்கையாளர், தெருக்காரர் என எல்லாம் கலந்து வந்தன.

பத்தில் ஒரு பங்கு. நாற்பது வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தால், அதைப் பத்தால் பெருக்கினால் போதும். மேடையில் சொன்னது அதுதான்.

முடிவுரையில் கருத்து நிற்கும்

நான்கு நாள் முருகவேலின் வண்டியில் அலைந்தோம். நான் கேட்பேன், அவர் நோட்டில் எழுதுவார்.

பனமலை ஏரிக்கரையில் ஒரு சீட்டுக்குரியவர் இருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. "பக்கத்துலயே ரெண்டு வூடு பத்திரிகை வாங்கின வூடுதானே, அவங்கள கேட்டுக்கலாமே" என்றார் முருகவேல். "சீட்டில் வந்தவரைத்தான் கேட்க வேண்டும், நமக்கு வசதியானவரைக் கேட்டால் அது அமாவாசை ஆராய்ச்சி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வண்டியைத் திருப்பினார்.

முதல் நாளே அவருக்கு ஒரு விதி சொல்லியிருந்தேன். மக்கள் நிறையப் பேசுவார்கள். மாடு, மழை, கரண்ட், ரேஷன் எல்லாம் வரும். அத்தனையும் எழுத வேண்டாம். எத்தனை பேர் கொண்ட குடும்பம் என்பதையும், அவர்கள் கடைசியாகச் சொல்லும் வாக்கியத்தையும் மட்டும் எழுதினால் போதும். நல்ல பேச்சில் முடிவுரையில்தான் கருத்து நிற்கும். எனக்கு மேடைப் பேச்சின் முதல் வகுப்பில் சொல்லித்தந்தது அது.

முருகவேல் நேர்மையானவர். சொன்னபடியே எழுதினார்.

ஏரிக்கரைப் பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "மாணிக்கவேலு பொண்ணா? நல்லாருக்கட்டும். அந்தாளு குடுத்த வெதை ஒண்ணுகூட பொய்க்கல. தோ, ஆடு கொல்லையில பூருது. சரி கண்ணு, நான் வர்றேன்" என்றார். முருகவேல் எழுதினார்: குடும்பம் ஐவர். 'வர்றேன்.'

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி, "பத்திரிகை வந்துச்சிம்மா, பஸ்ஸும் வந்துடுச்சி, வர்றேன்" என்று படியில் ஏறினார். குடும்பம் நால்வர். 'வர்றேன்.'

வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும், "வராம இருப்பமா? வந்துடறோம்" என்றார்கள். வெளியில் கண்டவர்கள் எல்லாரும் 'வர்றேன்' என்றார்கள். நாற்பது வீட்டில் மூன்று வீட்டார் மட்டும் முகத்துக்கு நேரே, "வர மாட்டோம், போ" என்றார்கள். மூவரும் மாமாவின் பங்காளிகள்.

கூட்டிப் பார்த்தேன். முப்பத்தேழு வீடு. நூற்றுப்பத்துப் பேர். பத்தால் பெருக்கினேன்.

ஆயிரத்து நூறு

மாமா வீட்டுக் கூடத்தில் அறிவித்தேன். கஜேந்திரன் மாஸ்டரும் சாமான் பட்டியல் எழுத வந்திருந்தார். எண்ணை உடனே சொல்லிவிடக் கூடாது என்பதால், நெல் மூட்டையில் தொடங்கி, அண்டா வழியாக வந்து, இறுதியில் குரலை உயர்த்தி, "ஆயிரத்து நூறு" என்றேன்.

மாமா நாற்காலியைத் தேடி அமர்ந்தார்.

"ஆயிரத்து நூறா? மண்டபத்துல அத்தினி பேரு நிக்கவே எடம் கெடையாதே" என்றார் அத்தை.

"சோத்து அண்டா இன்னும் மூணு எடுக்கணும்" என்றார் மாஸ்டர், எழுதிக்கொண்டே.

முருகவேலுக்கு மாலை வகுப்பு. எழுந்தார். நோட்டை மேசைமேல் வைத்தார். எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"சரிங்க அத்தை. நான் வர்றேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் அவர் முதுகைப் பார்த்தேன். பிறகு நோட்டைப் பார்த்தேன். 'வர்றேன்', 'வர்றேன்', 'வர்றேன்' என்று பத்தொன்பது வரிகள் வரிசையாக நின்றன. பத்தொன்பது பேரும் என் மனத்தில் ஒருசேர முதுகைக் காட்டி நடந்தார்கள். ஒருவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு. ஒருவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டு.

அத்தையும் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலருகே போனார்.

"முருகவேலு, நீ இப்ப வர்றியா, போறியா?"

வண்டியை உதைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "போறேன் அத்தை. அதான் வர்றேன்னு சொன்னேனே."

'போகிறேன்' என்று சொல்லிப் புறப்படுவதை நம் வீடுகளில் அமங்கலம் என்பார்கள். அதனால் போகிறவர்கள் அனைவரும் 'வர்றேன்' என்கிறோம். தமிழில் பதினான்கு கோப்பை வாங்கிய நான், அந்த ஒரு தமிழ்ச் சொல்லை நம்பிப் பத்தொன்பது குடும்பங்களுக்குச் சோறு வடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாஸ்டர் பேனாவை மூடினார். "அப்ப அண்டா வேணாமா?" என்றார்.

எந்த பஸ்ல?

மாஸ்டர் மூன்று நாள் தவணை கொடுத்தார். அதற்குள் சொன்னால்தான் காய்க்கும் இலைக்கும் சொல்ல முடியும்.

'வந்துடறோம்' என்ற பதினெட்டு வீட்டையும் என்னால் இப்போது நம்ப முடியவில்லை. 'கல்யாணத்துக்கு வருவீர்களா?' என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் மரியாதையான விடை ஒன்றுதான் உண்டு. பெண் வீட்டார் சார்பாக வந்து கேட்பவளின் முகத்துக்கு நேரே, பங்காளியைத் தவிர வேறு யார் 'வர மாட்டேன்' என்பார்கள்? பிழை அவர்கள் விடையில் இல்லை. என் கேள்வியில் இருந்தது.

மேடையில் எதிரணியை மடக்கும்போது 'ஆம்', 'இல்லை' என்று தப்பிக்க முடியாத கேள்வியைக் கேட்போம். அதையே இங்கும் செய்தேன். அதே நாற்பது வீடு. வருவீர்களா என்று நான் கேட்கவேயில்லை.

"எந்த பஸ்ல ஏறுவீங்க? அன்னைக்கு மாட்டை யார் பாத்துப்பாங்க?"

ஏரிக்கரைப் பெரியவர் யோசித்தார். "ஆட்ட யாரு கையில உட்டுட்டு வருவேன்? நான் வரல கண்ணு. என் பொண்டாட்டியும் மருமவளும் ஏழரை பஸ்ஸுக்குப் போவாங்க." இரண்டு பேர்.

பஸ்ஸில் ஏறிய பெண்மணி, "அன்னைக்கு எங்க மச்சாண்டார் வூட்ல காதுகுத்தும்மா. அதை எப்பிடி வுட முடியும்?" என்றார். ஒருவருமில்லை.

'வந்துடறோம்' என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்ன ஒருவருக்குக் கல்யாணம் எந்த மண்டபத்தில் என்பதே தெரியவில்லை.

பங்காளி வீட்டுக்கும் போனோம். ஆண்கள் முறைத்தார்கள். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்து, "மாட்டுக்கென்ன, காலைலயே தண்ணி காட்டிட்டா சாயங்காலம் வரிக்கும் தாங்கும். வேனு எத்தினி மணிக்கு வருது? நாங்க ஆறு பேரு. ஜாக்கெட்டெல்லாம் தெச்சாச்சி" என்றார். முருகவேல் ஆறு என்று எழுதி, அடியில் கோடிட்டார்.

நாற்பது வீட்டிலிருந்தும் சேர்த்து அறுபத்திரண்டு பேர் தேறினார்கள். பத்தால் பெருக்கினால் அறுநூற்று இருபது.

கைதட்டல் கிடைக்காத சொல்

இம்முறை நான் நெல் மூட்டையிலிருந்து தொடங்கவில்லை.

சொல்லுமுன் ஒன்று செய்து பார்த்தேன். அண்டாவிலிருந்து முதலில் எடுத்த இருபது வீட்டையும், அடுத்து எடுத்த இருபது வீட்டையும் தனித்தனியே கூட்டினேன். ஒரு பாதியில் இருபத்தெட்டுப் பேர். மறு பாதியில் முப்பத்துநான்கு. முதற்பாதியை மட்டும் கேட்டிருந்தால் ஐந்நூற்று அறுபது என்று முழங்கியிருப்பேன். மறுபாதியை மட்டும் கேட்டிருந்தால் அறுநூற்று எண்பது. இரண்டு முழக்கத்துக்கும் ஒரே குரல்தான் இருந்திருக்கும். கை எந்தச் சீட்டில் பட்டதோ அந்த அளவுக்கு எண் ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது அரைப்பொய்.

'ஏறத்தாழ' என்ற சொல்லை நான் மேடையில் பயன்படுத்தியதே இல்லை. அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. ஏறுவதும் தாழ்வதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"ஏறத்தாழ அறுநூற்று இருபது. அறுபது கூடலாம், அறுபது குறையலாம். சமையலுக்கு அறுநூற்று எண்பது வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"பந்தயத்துக்கு ஒரே எண்ணுதான்" என்றார் முருகவேல். "அறுபதெல்லாம் கெடையாது. ஐம்பதுன்னு நீயே ஒத்துக்கினது."

"அறுநூற்று இருபது" என்றேன்.

மாஸ்டர் அறுநூற்று எண்பது பேருக்குக் காயும், எழுநூறு இலையும் எழுதிக்கொண்டார். அத்தை அந்தத் தாளை வாங்கி, சாமி படத்தின் கீழ் வைத்தார்.

முப்பது

கல்யாணத்தன்று தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றிருந்தேன்.

முதல் பந்தியும் இரண்டாம் பந்தியும் நிறைந்தன. மூன்றாவதில் பனமலைப் பெரியவரின் மனைவியும் மருமகளும் அமர்ந்திருந்தார்கள், அவர் வரவில்லை. பங்காளி வீட்டு ஆறு பேரும் புது ஜாக்கெட்டில் வந்து, யாரிடமும் பேசாமல், இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார்கள். நான்காம் பந்தியில் இலை விழுந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு வேன் ஆள் அதிகம். சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் 'இதோ' என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். ஐந்தாம் பந்தியில் பாதி நாற்காலி காலி. அத்தை இரண்டு முறை சமையற்கட்டுக்குள் போய் சாம்பார் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசிப் பந்தி எழுந்தது. மாஸ்டர் மிச்ச இலைகளை எண்ணி முடித்தார்.

"முப்பது."

எழுநூற்றில் முப்பது போக, அறுநூற்று எழுபது. நான் சொன்னது அறுநூற்று இருபது. சரியாக ஐம்பது.

"ஐம்பதுக்கு மேல தப்பினாத்தானே. ஐம்பது, ஐம்பதுக்கு மேல இல்ல" என்றேன்.

முருகவேல் நம்பவில்லை. தாமே குத்துக்காலிட்டு எண்ணினார். முப்பது. மறுபடி எண்ணினார். முப்பது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். மாமா நடுவர் தொண்டையைச் செருமினார். தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்தது.

அத்தை இதொன்றையும் கேட்கவில்லை. அண்டாவின் அடியில் கரண்டியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். சாம்பார் இருந்தது. பத்துப் பதினைந்து பேருக்கு வரும். மாடு முகம் திருப்பும் அளவுக்கு இல்லை.

"பத்துச்சி" என்றார். "மீறவும் இல்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுப்புப் புகையாக இருக்கலாம். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சாப்டியா?"

நானூறு சீட்டில் என் பெயர் இல்லை. முருகவேல் பெயரும் இல்லை. ஆனால் அவர் இரண்டாம் பந்தியிலேயே சாப்பிட்டு அறுநூற்று எழுபதுக்குள் அடங்கிவிட்டார். ஊரையெல்லாம் கேட்டு அலைந்த நான், என்னை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. இப்போது ஓர் இலை விழுந்தால் அது அறுநூற்று எழுபத்தொன்று. ஐம்பதுக்கு மேல் ஒன்று.

முருகவேலும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது.

"பசியில்லைங்க அத்தை. நேரமாயிடுச்சி" என்று பையைத் தோளில் மாட்டினேன். கும்பிட்டேன். "நான் வர்றேன்."

அத்தை கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"வர்றியா? முருகவேலு, எழுதிக்கோ. வர்றாளாம். மாஸ்டர், எலைய போடுங்க."

மாஸ்டர் மிச்சக் கட்டிலிருந்து ஓர் இலையை உருவினார். நுனி இடப்பக்கம் வர விரித்து, தண்ணீர் தெளித்தார். அத்தை என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பட்டியலில் இல்லாதவரை இலைக் கணக்கில் சேர்க்கலாகாது என்று வாதிட எனக்கு மூன்று காரணங்கள் இருந்தன. சோற்றின் ஆவி முகத்தில் பட்டதும் மூன்றும் மறந்துபோயின.

சாம்பார் நன்றாக இருந்தது. ரசம் ரசமாகவே இருந்தது.

பாயச வாளியை முருகவேலே தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கரண்டி ஊற்றினார். என் இலையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"அப்ப அடுத்த மாசம் எங்க அணிக்கு வர்ற இல்ல?"

"வர்றேன்" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் பிரித்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு கேட்டார்:

"எந்த பஸ்ல?"